அளவு ஜாக்கெட்டும் என் இடுப்பும்

ஊர்ப் பொம்பளைக இடுப்பெல்லாம் தையக்காரிக்கு அத்துப்படி, தன்னோடத மட்டும் அளக்கவே மாட்டா.

போடி பஜார்ல ஜாக்கெட் தைக்கிறேன். காலைல மிஷின்ல உக்காந்தா, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எந்திரிக்கிறது. போன வருஷம் டாக்டரம்மா, "சர்க்கரை பார்டர்ல இருக்கு. இனி எடை கூடாமப் பாத்துக்கங்க" அப்படின்னுட்டாக. எங்கம்மாவுக்குச் சர்க்கரையாலதான் பார்வை போச்சு. கண்ணு போனா நான் எதை வச்சுத் தைக்க? உக்காந்தே பொழைக்கிற சாதிசனமே, நம்ம கதைதான், கேளுங்க.

தாராள மனசு

எங்க பக்கம் ஜாக்கெட் தைக்கக் குடுத்தா, "உள்ள துணி விட்டுத் தை"ன்னு சொல்லாத ஆளே கிடையாது. உடம்பு போட்டா ஓரத்தைப் பிரிச்சு விட்டுக்கிறலாம். எனக்கு நானே தச்ச ஜாக்கெட்டுல, பிரிக்க இனிமே துணியே இல்ல!

மளிகைக்கடை பாக்கியம் அக்கா அளவு ஜாக்கெட்டோட வந்தாக. "ஒங்களுக்குத் தாராளமா விட்டுர்றேன்க்கா"ன்னேன். அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாக.

"ஏத்தா, நீ துணிய விட விட, நான் சோத்தைப் போட்டு நெரப்பிக்கிட்டு இருக்கேன். இந்தத் தடவ விடாத. இறுக்கிப் பிடிச்சாத்தான் ரெண்டாவது தடவ சோறு கேக்க மாட்டேன். ஒனக்கும் அப்படியே தச்சுக்க."

தச்சுக்கிட்டேன். மத்தியானம் ரெண்டாவது கரண்டி சோத்துக்குப் பதிலா, கூடக் கொஞ்சம் அவரைக்காய்ப் பொரியல்னு ஆச்சு.

மாஸ்டரோட கவலை

துணி குடுக்க யாரு வந்தாலும் எதுத்த கடைல டீ சொல்றது எங்க மரியாதை. அவுக குடிக்கையில நாம சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? கூட ஒரு வடை வேற. ஒருநா வடைய நிறுத்தி, டீயில சீனி போட வேணாம்னுட்டேன். மொத வாய் குடிச்சதும் வேப்பங்கொழுந்தத் தின்னாப்புல மூஞ்சி போயிருச்சு. டீ மாஸ்டர் ஓடி வந்தாரு.

"அக்கா, சீனி வேணாம்னா வேணாம். ஆனா மூஞ்சிய இப்படி வைக்காதீக. பாக்குற ஆளுக என் டீயத்தான் தப்பா நெனப்பாக!"

பச்சை நூல் மட்டும்

நூலு, ஊக்கு, லைனிங் துணி எல்லாம் பஜார் அந்தக் கோடில ஒரு அண்ணாச்சி கடைல. முன்னல்லாம் வீட்டுக்காரரு வண்டில போயி மொத்தமா அள்ளிட்டு வந்துருவாரு. இப்ப நானே நடக்குறேன்னு அண்ணாச்சிகிட்ட வெவரத்தைச் சொன்னேன். கேட்ட மனுசன், எடுத்து வச்ச நூல்கண்டையெல்லாம் திரும்ப டப்பாவுக்குள்ள போட்டுட்டாரு. எந்த யாவாரி செய்வான் இதை?

"தங்கச்சி, பச்சையை மட்டும் கொண்டு போ. செவப்பு வேணும்னா சாயங்காலம் நடந்து வா. பைக்ல ஆளு அனுப்புனா தர மாட்டேன்."

லட்டு

போன மாசம் திரும்பவும் ரத்தம் குடுத்துட்டு டாக்டரம்மா முன்னால உக்காந்தேன். எடை குறையவே இல்லன்னு சொன்னதும் அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "ஏம்மா அழுகுறீக? கூடவும் இல்லையே! சர்க்கரை ஏறல, கண்ணும் சுத்தமா இருக்கு. இப்படியே இருங்க, போதும்"னாக.

கால் தரைல பாவல. நேரா லட்டு வாங்கிக்கிட்டு, நன்றி சொல்லப் பஜார் பூரா கெளம்பிட்டேன். மொத கடையே பாக்கியம் அக்கா கடை. டப்பாவத் தெறந்து பாத்தாக, என் கையைப் பிடிச்சுக்கிட்டாக, கண்ணு கலங்கிருச்சு. அடுத்த நிமிசம் டப்பாவ மூடிட்டாக.

"நல்லா இருப்ப ஆத்தா. ஆனா நன்றி சொல்ல வந்தியா, இல்ல பஜாருக்கே சர்க்கரைய ஏத்திவிட வந்தியா?"

ஒருத்தி எடை கூடாம இருக்க ஒரு பஜாரே காவல் காக்க வேண்டியிருக்கு, எனக்கு அது கூலி இல்லாமக் கெடைச்சுச்சு.