கரடியிடம் சொன்ன குடும்பக் கதை

நீங்கள் யாராவது கரடியோடு கதைத்திருக்கிறீர்களா? நான் கதைத்திருக்கிறேன். போன கிழமை. அதுவும் யாழ்ப்பாணத் தமிழில்!

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலிலிருந்து லூர்து மாதாவிடம் பஸ் போனது. பாதிப் பஸ் எங்கள் சைவக்காரர்தான். மாதா என்ன, சமயம் பார்த்தா மெழுகுதிரி வாங்குகிறா? ஏறி இருந்த பிறகுதான் பார்க்கிறேன் — முன் சீட்டில் புவனம். செத்துப்போன என் தம்பியின் பெண்சாதி. ஆர்ஜொந்தெயில் வாங்கின புது வீட்டுக்குக் குடிபூந்த அன்று என்னை இரண்டாம் பந்தியில் இருத்தினவள். அன்றிலிருந்து எங்களுக்குள் கதை பேச்சு இல்லை.

ஆவணிக் கடைசியில் அவள் மகளுக்குக் கலியாணம். என் தம்பியின் ஒரே பிள்ளை, நான் மடியில் போட்டுத் தாலாட்டின பிள்ளை. லாச்சப்பல் மரக்கறிக் கடைக்காரர் வரைக்கும் அழைப்புப் போய்விட்டது. எனக்கு இல்லை. கேட்பேனா? நானா?

மாதாவைக் கும்பிட்ட அடுத்த நாள், பஸ் ஒழுங்கு செய்த ஆனந்தன் எங்களை ஸ்பெயின் எல்லையில் இருக்கிற பிரெனே மலைக்குக் கொண்டு போனான், அருவி பார்க்க. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது, படம் ஓடும். கரடி!

"பயப்பிடாதேங்கோ அம்மா. இது மண்ணிறக் கரடி. எங்கடை வன்னிக் கரடி மாதிரிக் கறுப்பில்லை. புல்லு, பழம், எறும்பு... கிடைச்சா ஆடும் தின்னும். பனிக்காலம் முழுக்கக் குகையிலை படுத்திருக்கும்" என்றான்.

இங்கே கரடி அழிந்துபோகப் பார்த்ததால் ஸ்லோவேனியாவிலிருந்து கொண்டு வந்து விட்டார்களாம். ஆடு வளர்ப்பவர்களுக்கு அதில் கடும் கோபமாம். வெளியிலிருந்து வந்ததைப் பிடிக்காத ஆட்கள் மலையிலும் இருக்கிறார்கள்!

"சத்தம் கேட்டா அது தானே விலகிப் போயிடும். எல்லாரும் கதைச்சுக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு ஆனந்தன் முன்னே நடந்தான்.

இளசுகள் அவனோடு போய்விட்டார்கள். முழங்கால் நோவுக்காரர் இரண்டு பேர் பின்னால் — நானும் புவனமும். சுற்றிவர மரம். யார் முதலில் வாய் திறப்பது? நான் செருமினேன். அவளும் செருமினாள். பற்றைக்குள் ஏதோ சரசரத்தது...

உயிர் முக்கியம். ரோசமும் முக்கியம். மரத்தைப் பார்த்துச் சாடையாகத் தொடங்கினேன்.

"கரடியார்! மூத்த மச்சாளைக் கூப்பிட்டு ரெண்டாம் பந்தியிலை இருத்தின ஆக்களை எங்கையேன் கண்டனீரோ?"

அவள் மற்றப் பக்கத்து மரத்தைப் பார்த்தாள். "கரடியண்ணை! காலமை பால் காய்ச்ச வரச் சொன்னா, மத்தியானம் சோடிச்சுக்கொண்டு வாறவைக்கு முதல் பந்தி எப்பிடி மிஞ்சும்?"

"கரடியார், அண்டைக்கு ரயில்காரர் ஸ்ட்ரைக்!"

"ஒரு டெலிபோன் அடிக்கக் கையில்லையோ, கரடியண்ணை?"

மலை அதிர்ந்தது. அரைவாசிக் கரடிகள் ஸ்பெயின் பக்கம் இறங்கியிருக்கும்.

பிறகு திடீரென்று அவள் குரல் தணிந்தது.

"கரடியண்ணை... என்ரை பிள்ளைக்குத் தேப்பன் இல்லை. தேப்பன்ரை பக்கத்திலை ஒரேயொரு மாமி. அவவும் வராட்டி, பிள்ளையை ஆர் கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போறது? போய்ச் சொல்லவும் பயமாக் கிடக்கு. கதவைச் சாத்திப்போடுவா."

சாத்தித்தான் இருப்பேன். பொய் சொல்வானேன்?

"புவனம்" என்றேன், இந்த முறை அவள் முகத்தைப் பார்த்து. "அழுறதெண்டாச் சத்தமா அழு. கரடிக்குக் கேக்க வேண்டாமோ?"

அழுகையோடு சிரித்தாள். "வருவியளோ, மச்சாள்?"

"நடுக்காட்டிலை நிண்டு சொன்னா அதுக்குப் பேர் அழைப்போ? வீட்டை வா. வந்து முறையாச் சொல்லு."

நேற்று வந்தாள், வெற்றிலைத் தட்டோடு. மணி அடிக்க முதலே கதவைத் திறந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

என்னைக் கேட்டால், அவ்வளவு கரடியையும் மலையில் விட்டது வீண். இரண்டொன்றை எங்கள் கலியாண மண்டபங்களில் அவிழ்த்து விட்டிருக்கலாம்!