தோளில் விழுந்த மூன்று தட்டு

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிகிற சமயம். பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து நானும் என் நைனாவும் நேபாளத்துக்குக் கிளம்பினோம். மோட்டார் சைக்கிளில். ஓட்டுவது மகளான நான், பின்னால் அவர். எனக்கு நாற்பத்தைந்து வயது, அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தெருவில் கேட்டவர்கள் எல்லாரும் எங்கள் இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். மாடி வீட்டு அக்கா மட்டும் வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தார். அவரும் தலையில் அடித்துக்கொண்டேதான் கொடுத்தார்.

நைனா என்றால் அப்பா. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம். நைனா அங்கே சுரங்கத்தில் மணி அடிக்கிறவராக இருந்தார். ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழே போகிற இரும்புக் கூண்டுக்கு அவர்தான் பொறுப்பு. கூண்டை இழுக்கிற எஞ்சின் மேலே இருக்கும். அதை ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. மணி எத்தனை தடவை அடிக்கிறதோ அதை வைத்துத்தான் நிறுத்துவார், இறக்குவார், ஏற்றுவார். மணி அடித்துவிட்டால் மறுபேச்சு கிடையாது. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் கீழே இருப்பவன் கதை முடிந்துவிடும்.

சுரங்கம் மூடியபோது கிடைத்த பணத்தில் நைனா வாங்கிய வண்டிதான் இது. தூசி தின்ற நுரையீரலும் மங்கிய கண்ணும் சேர்ந்து அவரைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டன, ஹாண்டில் என் கைக்கு வந்தது. ஹெல்மெட்டுக்குள் இருந்து கத்தினால் அவருக்கு மூச்சு வாங்கும். அதனால் தன் பழைய தொழிலையே என் தோளில் தொடர்ந்தார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு, போ. மூன்று தட்டு என்றால் மேலே ஏற்று, அதாவது வீட்டுக்குத் திருப்பு. சிக்னலில் பச்சை விழுந்ததும் இரண்டு தட்டு தட்டுவார். எனக்குக் கண் தெரியாதா என்று எரிச்சலாக வரும். சொல்லியும் பார்த்தேன், கேட்டால்தானே!

நாங்கள் பௌத்தர்கள். தமிழ்க் குடும்பம், அதுவும் பௌத்தமா என்று பெங்களூரில் வாயைப் பிளப்பார்கள். தங்கவயலில் எங்கள் தாத்தா காலத்திலேயே விகாரை உண்டு. வைகாசிப் பௌர்ணமிக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு போவோம். அந்த விகாரைச் சுவரில், நேபாளத்தில் புத்தர் பிறந்த லும்பினியின் படம் ஒன்று மாட்டியிருந்தது. ஒரு குளம், நான்கு பக்கமும் படிகள், கரையில் ஒரு பெரிய மரம், நல்ல வெயில். ஷிப்டு முடிந்து இருட்டுக்குள்ளிருந்து வருகிற நைனாவுக்கு அந்த வெயில் மேல்தான் கண். "அந்தப் படியில சும்மா ஒரு அர மணி நேரம் குந்தணும் பாப்பா" என்பார். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு, அவர் சொல்ல ஆரம்பித்தாலே மீதியை நான் சொல்லி முடித்துவிடுவேன்.

பெங்களூரிலிருந்து அத்தனை தூரமும் ஓட்டிக்கொண்டு போகத்தான் அவர் ஆசைப்பட்டார். டாக்டர் முறைத்தார். கடைசியில் வண்டியை ரயிலில் பார்சல் போட்டு கோரக்பூர் வரைக்கும் போவது, அங்கிருந்து ஓட்டுவது என்று முடிவானது. ஸ்டேஷனில் பெட்ரோலை இறக்கி, சாக்கைச் சுற்றி வண்டியைத் தைத்தபோது நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோரக்பூரில் சாக்கைப் பிரித்து, பெட்ரோல் ஊற்றி, விடியற்காலையில் கிளம்பினோம். இரண்டு பக்கமும் நெல் வயல். தோளில் அடிக்கடி இரண்டு தட்டு. எல்லையில் வண்டிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு நேபாளத்து நுழைவு வளைவைத் தாண்டினதும் நைனா இறங்கி ஒரு சுற்றுப் பார்த்தார். "இவ்ளோதானா பாரின்? நம்ம அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுல இதவிட கெடுபிடி" என்றார். அவர் அப்படி விழுந்து விழுந்து சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இனி முக்கால் மணி நேரத்தில் குளம்.

எல்லையை அடுத்த ஊருக்குள் நுழைந்ததுமே எனக்கு எதுவோ சரியில்லை என்று பட்டது. கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. நேபாளத் தலைநகரில் கலவரம், பிள்ளைகள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள், துப்பாக்கிச் சூடு என்று ரயிலிலேயே காதில் விழுந்திருந்தது. அது எங்கோ தூரத்தில்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். லும்பினிக்குத் திரும்புகிற நாற்சந்தியில் நடுரோட்டில் டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் இளவட்டங்கள் கூட்டம், இந்தப் பக்கம் போலீஸ். தோளில் ஒரே ஒரு தட்டு விழுந்தது. நின்றேன். நின்ற இடத்திலேயே புகை எங்களைச் சூழ்ந்துகொண்டது. பின்னால் நைனா இருமத் தொடங்கினார். அந்த இருமல் எனக்குத் தெரியும். அது சீக்கிரம் நிற்கிற இருமல் இல்லை.

எந்தப் பக்கம் போவது என்று புரியாமல், டயர்களை ஓரமாகச் சுற்றி நாற்சந்தியைத் தாண்டி ஒரு சந்துக்குள் வண்டியை விட்டேன். பாதி மூடிய தையல் கடையிலிருந்து என் வயதுப் பெண் ஒருவர் எட்டிப் பார்த்தார். வண்டியின் கர்நாடக நம்பரைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். பிறகு அவர் கேட்டதை என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

"ஊட்டா ஆய்த்தா?"

சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில்! அந்தப் புகையில், அந்தக் கூச்சலில், முன்பின் தெரியாத ஊரில்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான் என்பது பிறகு தெரிந்தது. அவருடைய ஒரே மகன் நம் பெங்களூரு தொம்மலூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறானாம். போனில் தினமும் அம்மாவிடம் விளையாட்டாக இதைத்தான் முதலில் கேட்பானாம்.

வண்டியை இழுத்து உள்ளே விட்டு ஷட்டரை இறக்கினார். தையல் மெஷின்களுக்குப் பின்னால் அவர்கள் வீடு. நைனாவைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, ஈரத் துணியை ஜன்னலில் கட்டி, வெந்நீர் வைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஊரடங்கு என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். போகச் சொல்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அரிசி களையப் போய்விட்டார்.

வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கினோம். நான் அவரைத் தீதி என்று கூப்பிட்டேன், அக்கா என்று அர்த்தம். நைனா அவருக்குப் பாபா, அதாவது அப்பா, ஆகிவிட்டார். என் பெங்களூரு இந்தியும் அவருடைய நேபாளத்து இந்தியும் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டாலும் எப்படியோ பேசிக்கொண்டோம். நைனாவோ மொழியைப் பற்றிக் கவலையே படவில்லை. தங்கவயல் தமிழிலேயே பேசினார், தீதி நேபாளியில் பதில் சொன்னார். ஊரடங்கில் போன் கிடைப்பதும் போவதுமாக இருந்தது. மகன் கிடைத்துவிட்டால் தீதி அதட்டுவார், வேலையை விட்டுவிட்டு இங்கே ஓடி வராதே என்று. போனை வைத்ததும் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுவார். வரச் சொல்லத்தான் மனசு துடிக்கிறது, வராதே என்றுதான் வாயில் வருகிறது என்றார். நைனாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

இதற்கிடையே நைனாவின் மூச்சு சீராகவே இல்லை. இன்ஹேலர் தீர்ந்துகொண்டே வந்தது, மருந்துக் கடை எதுவும் திறக்கவில்லை. எனக்கு அவரை எல்லை தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்றும் இருந்தது, இத்தனை தூரம் கூட்டி வந்துவிட்டு அந்தக் குளத்தைக் காட்டாமல் எப்படித் திரும்புவது என்றும் இருந்தது. இந்த உடம்போடு இன்னொரு முறை அவர் வர முடியுமா? கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா" என்று ஜன்னலைப் பார்த்தார்.

ஒரு காலையில் சாமான் வாங்கிக்கொள்ள ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தினார்கள். லும்பினி ரோட்டில் மறியல் இல்லை, இன்றைக்குப் போய்விடலாம், திரும்புவது உங்கள் அதிர்ஷ்டம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நான் முடிவு செய்துவிட்டேன். வருவது வரட்டும், நைனாவை அந்தப் படியில் உட்கார வைத்துவிட வேண்டும். தீதி என் கையைப் பிடித்துக்கொண்டு, மகனின் நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்தார். அவனை ஒரு தடவை நேரில் பார்த்து, மெலிந்திருக்கிறானா என்று மட்டும் சொன்னால் போதும் என்றார்.

கிளம்பினோம். தெரு முழுக்கக் கண்ணாடித் துண்டு, கருகின கம்பி. சந்தில் இருந்து நாற்சந்திக்கு வந்தேன். வலது பக்கம் லும்பினி. நேரே போனால் எல்லை. ஆளே இல்லாத அந்த ரோட்டில் வலது இண்டிகேட்டர் போட்டேன். அப்போது தோளில் தட்டு விழுந்தது. ஒன்று. இரண்டு. போ என்கிறார் என்று கிளட்சை விடப் போனேன்.

மூன்றாவது தட்டு விழுந்தது.

காலை ஊன்றி நின்றேன். "நைனா, ரோடு காலியாத்தான் கீது. போய்டலாம். முக்கால் மணி நேரம்தான்" என்றேன். மறுபடியும் மூன்று தட்டு, நிதானமாக, ஒன்று ஒன்றாக, எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லாதபடிக்கு. மணி அடித்துவிட்டால் மறுபேச்சு கிடையாது. இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேரே விட்டேன். ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அவர் மேல் அப்படியொரு கோபம். எழுபது வயசுக்கு மேல் இப்படி ஒரு பிடிவாதமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

எல்லையில் அலுவலகம் பூட்டியிருந்தது. ரோட்டுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றின் அருகில் நின்ற சிப்பாய் எங்கள் நம்பரைப் பார்த்தார், நைனாவுக்கு மூச்சு இழுப்பதைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கயிற்றை இறக்கினார்.

இந்தப் பக்கம் வந்து முதலில் மருந்து வாங்கினோம். பிறகு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவர் மூச்சு கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன். ஏன் நைனா?

"உன் தோளு நடுங்கிச்சு பாப்பா. ரெண்டு தட்டலாம்னுதான் கைய வச்சேன். உடம்பே வெடவெடன்னு கீது. கொளத்துக்கு இன்னா, அது அங்கியேதான் இருக்கும். எறக்கினவங்கள மேல ஏத்தி விட்டாத்தான் பெல்லுக்காரன் வீட்டுக்குப் போலாம்" என்றார். டீயை ஊதி ஊதிக் குடித்தார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய மூச்சுக்காகத்தான் திரும்புகிறார் என்று நான் நினைத்திருந்தேன். என்னைத்தான் அவர் மேலே ஏற்றியிருக்கிறார்.

ஊர் திரும்பிய வாரமே தொம்மலூருக்குப் போய் அந்தப் பையனைப் பார்த்தேன். மெலியவில்லை, கன்னம் உப்பிக் கிடந்தான். போட்டோ எடுத்துத் தீதிக்கு அனுப்பினேன். அதன்பின் லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினான். வாசலிலேயே நைனா, "ஊட்டா ஆய்த்தா?" என்பார்.

அங்கே கலவரம் அடங்கியபின் ஒரு நாள் அவன் போனோடு ஓடி வந்தான். தீதி லும்பினிக்கே போயிருக்கிறார், பாபாவுக்குக் குளத்தைக் காட்டுவதற்காக! வீடியோவில் அவர் நடந்து போவது தெரிந்தது. செங்கல் பாதை, மர நிழல். இதோ குளம் என்று போனைத் திருப்பப் போனார். நைனா சட்டென்று திரையைக் கையால் மூடிவிட்டார்.

"வாணாம். இதுல பாத்துட்டா அப்பறம் நேர்ல போய் பாக்க இன்னா கீது? அந்தம்மா மூஞ்சக் காட்டச் சொல்லு."

பையன் சொன்னதும் தீதி சிரித்துவிட்டு முகத்தைக் காட்டினார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, படியில் பாபாவுக்கு இடம் பிடித்து வைக்கிறேன் என்றார். நைனா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். குளிர் போகட்டும், மார்ச்சில் கிளம்பலாம் என்று வண்டியின் சங்கிலிக்கு அவரே எண்ணெய் விட்டார்.

பெங்களூரின் ஜனவரிக் குளிர் அவரை விடவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டது, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. செய்தி கேட்டுத் தீதி போனில் அழுத அழுகையை அந்தப் பையனால் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல முடியவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

அஸ்தியை எடுத்துக்கொண்டு நீயாவது போய் வா என்று எல்லாரும் சொல்கிறார்கள். தீதியும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். தினமும் ஆபீசுக்கு அதே வண்டியில்தான் போகிறேன். சிக்னலில் பச்சை விழுந்தும் நான் அப்படியே நிற்பேன், பின்னால் ஹாரன் அடித்து வைவார்கள், அப்புறம்தான் உறைக்கும். ஒரு நாள் அந்தக் குளத்தங்கரைக்குக் கட்டாயம் போவேன், அந்தப் படியில் அவருக்காக அரை மணி நேரம் உட்காருவேன். ஆனால் தோளில் அந்த இரண்டு தட்டு விழாமல் எப்படிக் கிளம்புவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.