கையில்லாத சித்தி

“இது யாரு?” என்று படத்தைக் காட்டிக் கேட்டாள் சித்தி.

“நீதான்,” என்றார் சித்தப்பா.

“நானா? தோளு, கழுத்து, ஒரு பக்கம் ஏறின இடுப்பு, எல்லாம் சரி. என் கை எங்கங்க?”

“எங்க கூடத்துல எந்தச் சிலைக்குமே கை இல்லையே.”

“அதுங்க ரெண்டாயிரம் வருஷமா சும்மா நிக்குதுங்க. நான் அப்படியா? உங்க சட்டையெல்லாம் யாரு துவைக்கிறது?”

சித்தப்பா அருங்காட்சியகத்தில் காவலர். பழைய கற்சிலைகள் இருக்கும் கூடத்தில் பத்தொன்பது வருடங்களாக நிற்கிறார். மத்தியானத் தூக்கத்தை விரட்டத்தான் முதலில் பென்சிலை எடுத்தார். ஒரு காலில் பாரம் இறங்கினால் அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், தோள் தாழும். அதெல்லாம் சிலைகளைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பிறகு வீட்டில், சாப்பாட்டு மேசையில் வண்ணம் தீட்ட ஆரம்பித்தார். அவர் வரைந்த முழங்காலைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். கை மட்டும் வராது. அவர் பார்த்துப் படித்த சிலைகளில் ஒன்றுக்கும் கை மிஞ்சியிருக்கவில்லை.

அந்த வருடம் ஊழியர்களின் ஓவியங்களை வாசல் கூடத்தில் மாட்டப்போவதாக அறிவித்தார்கள். சித்தியின் படத்தைப் பார்த்த மேலாளரம்மா, “பிரமாதம். ஆனா இங்க மாட்டினா இதுவும் உடைஞ்சதுன்னு நினைச்சுப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கை போட்டுக் கொண்டாங்க,” என்றார்.

சித்தப்பா அன்றைக்கே கை போட உட்கார்ந்தார். அவர் போட்ட முதல் கையைப் பார்த்துவிட்டுச் சித்தி, “வாழைப்பழச் சீப்பு,” என்றாள். அழித்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். “போலீஸ் பிடிச்சிட்டுப் போற மாதிரி இருக்கு,” என்றாள். அவளையே பார்த்து வரையலாம் என்றால், இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல அவள் கை சும்மா இருக்காது.

வெள்ளிக்கிழமை படம் வாசல் கூடத்தில் தொங்கியது, இரண்டு கைகளோடு. சித்தி அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூட்டிப்போய், “விரலப் பாருங்க, அச்சு அசலா என்னோடது!” என்று காட்டினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

முந்தின நாள் காலை, சித்தி கடைக்குப் போன நேரம் பார்த்துச் சித்தப்பா எனக்குப் போன் செய்திருந்தார்.

“உடனே வாம்மா. ஒரு மணி நேரம் அசையாம உட்காரணும், உன்னால முடியும். ஒண்ணே ஒண்ணு. உன் நடுவிரல்ல எப்பவும் மைக்கறை இருக்குமே, அதை நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வா. நான் கண்ணுல பட்டத அப்படியே வரைஞ்சிடுவேன். உங்க சித்தி பேனாவே தொடமாட்டா, கண்டுபிடிச்சிடுவா.”