சவுக்காரம் பட்ட மஞ்சள் புடவை

ஒரு காலையில் படகு திரும்பி வந்தது. அப்பா வரவில்லை.

காரியத்தன்று மாமா வெள்ளைக் கோடி கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தார். பொறந்த வீட்டுக் கோடி. எங்கள் குப்பத்தில் அதுதான் முறை. அம்மாவின் கலர் புடவைகளை அத்தை எடுத்துப் போய் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. பக்கத்து வீடு. அவள் புருஷன் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாராம். அத்தையை நான் வெள்ளையில்தான் பார்த்திருக்கிறேன்.

அம்மா பெசன்ட் நகர் ரோட்டோரம் மீன் விற்கப் போனாள். வெள்ளையோடு உட்கார்ந்தால் காலையில் போணி ஆகாது. வருகிறவர்கள் ஒருமுறை பார்ப்பார்கள், பக்கத்துக் கூடைக்குப் போய்விடுவார்கள். மிஞ்சிய மீனைக் கருவாடு போட்டாள். தினமும் கருவாடா போட முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை விரலி மஞ்சளை இடித்தாள். குண்டானில் கொதிக்கவைத்துப் படிகாரம் போட்டாள். வெள்ளைப் புடவையை உள்ளே அமுக்கிக் கட்டையால் புரட்டினாள். எடுத்தபோது சாமந்திப்பூ மாதிரி இருந்தது. கொடியில் போட்டாள்.

அத்தை வந்தாள்.

"இன்னாடி இது? என் தம்பி போய் வருசம் திரும்பல. அதுக்குள்ள மினுக்கினு திரியணுமா?"

"மீன் விக்கணும் அண்ணி."

"வெள்ளையில வித்தா மீனு கசக்குதா?"

"வாங்குறவங்களுக்குக் கசக்குது."

அத்தை புடவையை உருவிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். பார் சவுக்காரத்தை எடுத்துத் தேய்த்தாள். வெள்ளையாக்கிவிட வேண்டும் என்று பலமாகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் புடவை சிவந்தது. குங்குமச் சிவப்பு. நுரையும் சிவப்பு. தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் குடத்தை அப்படியே விட்டார்கள்.

"வெள்ள ஆக்கப் போயி செவப்பு பண்ட்டியே" என்று ஒருத்தி சிரித்தாள்.

அத்தை சிரிக்கவில்லை. புடவையைக் கீழே போட்டாள். "ஐயோ தம்பி" என்றாள்.

அம்மா ஒரு சொம்பில் புளி கரைத்துக்கொண்டு வந்தாள். புடவையை அலசி அதன்மேல் ஊற்றிக் கசக்கினாள். மறுபடி மஞ்சள்.

"சவுக்காரம் பட்டா மஞ்ச செவக்கும் அண்ணி. வேற ஒண்ணுமில்ல."

அத்தை தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

மறுநாள் அம்மா மஞ்சள் புடவையோடு போனாள். போணி ஆனது. வெயிலில் மஞ்சள் நிற்காது, வெளுத்துவிடும். வெளுக்கும்போதெல்லாம் அம்மா குண்டானை ஏற்றுவாள்.

அப்படி ஒருநாள் அம்மா புடவையைப் பிழிந்துகொண்டிருந்தபோது அத்தை வாசலில் வந்து நின்றாள். கக்கத்தில் ஏதோ வெள்ளைத் துணிச் சுருட்டு.

"எவ்ளோ மஞ்ச போடுவ?"

"ரெண்டு கைப்பிடி."

"இன்னா அத்த, கொழம்புக்கு அவ்ளோவா?" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

அம்மா எப்போதும் புடவையை எடுத்ததும் சாயத்தண்ணீரைக் கொட்டிவிடுவாள். அன்றைக்குக் கொட்டவில்லை. அடுப்பையும் அணைக்கவில்லை. பிழிந்ததைக் காயப்போடக் கொடிக்குப் போய்விட்டாள்.

மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நான்தான் போய் அணைத்தேன்.