அக்கா வரைந்த தென் துருவம்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. எங்கள் துக்கத்தில் தோள் கொடுத்த உங்கள் எல்லோருடைய கையிலும் இன்று இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று இந்த நினைவு மலர். மற்றொன்று, தென் துருவத்தைத் தேடிப் போனவர்களைப் பற்றி அக்கா பிள்ளைகளுக்காக எழுதி, படமும் வரைந்த புத்தகம். மலரில் எழுத வேண்டியது தங்கையாகிய நான்தான் என்று அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, சொல்லிவிட்டார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருப்பதால் எனக்கு எழுதவும் வரும் என்று நினைக்கிறார். அடுத்தவர் எழுதியதைத் தட்டுவது வேறு, இது வேறு. உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது விக்கிரமங்கலத்தில். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்த்தான் எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். எங்களுக்கென்று அளந்து பார்க்க ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்த வீட்டுப் பெண்தான் அரியலூரில் விடுதியில் தங்கிப் படித்து, தேர்வு எழுதி, நில அளவையர் ஆனார். கல்யாணமாகிக் குன்னத்துக்கு வந்த பிறகு, சுற்றுப்பட்டில் மக்காச்சோளக் காடு, பருத்திக் காடு, வெங்காயக் காடு என்று அவர் அளவுச் சங்கிலி இழுக்காத காடு கிடையாது. "பொம்பள என்னத்த அளக்கப் போகுது" என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களே பிற்பாடு, "சர்வேயரம்மா வந்து கல்லு நட்டாத்தான் ஒத்துக்குவோம்" என்று ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. எல்லைக் கல் நட்டு முடிக்கும் வரை அக்கா எந்தத் தரப்பிலும் பச்சைத் தண்ணீர் கூடத் தொட மாட்டார். ஒருமுறை சித்திரை வெயிலில் ஒரு பெரியவர் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து நீட்டினார்.

"ஒரு வாய் குடிச்சுட்டு அளங்கம்மா. மூஞ்சியெல்லாம் கருத்துப் போச்சு."

"கல்லு நட்டுட்டுக் குடிக்கிறேங்க. இப்பக் குடிச்சா அந்தப் பக்கத்துக் காட்டுக்காரருக்கு மனசு ஆறாது."

கல் நட்ட பிறகு அந்த மோரை இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பகிர்ந்து குடித்தாராம். இதை அக்கா சொல்லவில்லை. கடைக்கு நகல் எடுக்க வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். தன் பெருமையைத் தானே பேசுகிற பழக்கம் அக்காவுக்கு இருந்ததில்லை. அந்தக் குறையை நான்தான் ஈடுகட்டிக்கொண்டு இருக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் அக்கா நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கேதான் தென் துருவம் அவரைப் பிடித்துக்கொண்டது. முதலில் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் கொடி நட்டதோடு சும்மா இருக்கவில்லையாம். நின்ற இடம் சரியான இடம்தானா என்று சூரியனை மறுபடி மறுபடி அளந்து பார்த்தார்களாம். "அவங்களும் சர்வேயருங்கதாண்டி!" என்று போனில் அக்கா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "நம்ம புள்ளைங்க ஐஸுன்னா பொட்டிக்குள்ள இருக்குறதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க. அதுங்களுக்கு இதச் சொல்லணும்."

இரண்டு வருடம் எழுதினார், வரைந்தார். வாயில் நுழையாத பெயர்கள், நாய் இழுக்கும் வண்டிகள், பனிக்குள் சிக்கிய கப்பல். பென்குயினையும் வெள்ளைக் கரடியையும் ஒரே பக்கத்தில் போடலாமா என்று நான் தெரியாமல் கேட்டுவிட்டேன். "அது வடக்க, இது தெக்க. சேத்துப் போட்ட, உன் கடையில தீ வெச்சுருவேன்" என்றார். இருபத்து நான்கு படங்கள். நடுவில் மார்பகப் புற்றுநோய்க்குத் திருச்சியில் அறுவை சிகிச்சையும் நடந்தது. அதையும் முடித்துக்கொண்டு, படங்களை உரச்சாக்கில் சுற்றி, குன்னத்திலிருந்து பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். வரும்போதே, "எல்லாம் முடிஞ்சுது, டீ சொல்லுடி" என்றார்.

நான் படங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது படத்தில், "நிறுத்து" என்றார். முகம் செத்துப் போயிருந்தது.

"என்னக்கா?"

"நெழலு தப்பு."

படத்தில் இருந்தவர்களின் நிழல் காலடியிலேயே சின்னதாகக் கிடந்தது. ஆயுள் முழுக்க நம்மூர் உச்சி வெயிலில் நின்று அளந்தவர் கை, பழக்கத்தில் அப்படியே போட்டுவிட்டது. துருவத்தில் சூரியன் தலைக்கு மேல் வராதாம். அடிவானத்துக்குச் சற்று மேலேயே சுற்றிச் சுற்றி வருமாம். ஆளின் நிழல் ஆளைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டு கிடக்க வேண்டும். இருபத்து நான்கிலும் இதே தப்பு. எனக்குப் பொறுக்கவில்லை.

"இதப் போயி யாருக்கா பாக்கப் போறா? நம்மூர்லேருந்து யாரு அங்க போயிட்டு வந்துருக்கா?"

"போகாதவங்களுக்குத்தானடி புக்கு போடுறோம். போனவனுக்கு இது எதுக்கு? புள்ள நம்மள நம்பித்தான பாக்கும்?"

"சரி, நெழல மட்டும் இழுத்து விட்டுரலாம்."

"நெழலு நீண்டா வெளிச்சம் பக்கவாட்டுல வரும். மூஞ்சி, கூடாரம், நாயி, எல்லாம் மாறும். மொதல்லேருந்து வரையணும்."

டீயைக் குடிக்காமலே போய்விட்டார். நான் கோபத்தில் பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அறுவை சிகிச்சை நடந்த பக்கம் வலது பக்கம். கை வீங்கிப் போயிருந்தது. அதிக வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, காலையில் கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம் என்று வரைந்தார். மாமா வெங்காயக் காட்டிலிருந்து வந்ததும் தூரிகையைக் கழுவிக் கொடுப்பார், கூடவே திட்டுவார். "பனின்னா வெள்ளைதானே? காயிதத்த அப்படியே வுட்டா ஆச்சு. அதுக்கு எதுக்கு இத்தன நீலம்?" என்று கேட்பார். "பேசாம தண்ணிய மாத்துங்க" என்பார் அக்கா. இப்படித் திரும்ப வரைந்த எட்டு மாதத்துக்குள் நோய் மறுபடி வந்தது. அக்கா அழுது நான் பார்க்கவில்லை. "முடியுறதுக்குள்ள முடிச்சுருவேன்டி" என்று மட்டும் சொன்னார். எது முடிவதற்குள் என்று நான் கேட்கவில்லை.

இருபத்து மூன்று படங்கள் முடிந்தன. தனக்கு ரொம்பப் பிடித்த படத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். துருவத்தில் நின்று ஒருவர் கருவியால் சூரியனை அளக்கிற படம் அது. ஆள், வானம், பனி எல்லாம் தீட்டியாயிற்று. அதற்குள் மறுபடி ஆஸ்பத்திரி. "நெழலு மட்டுந்தான் பாக்கி. வந்து போட்டுர்றேன்" என்றார். வரவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில் அக்கா போய்விட்டார்.

நோயின் போது அக்காவைப் பெற்ற தாயைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தகவல் கிடைத்ததும் பெங்களூரிலிருந்து ஓடிவந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்த அக்காவின் ஒரே மகனுக்கும், சோறாக்கிக் கொண்டுவந்து எங்களைச் சாப்பிட வைத்த குன்னத்து அக்கம்பக்கத்தாருக்கும், அளந்த காடுகளிலிருந்து மாலையோடு வந்து வரிசையில் நின்ற விவசாயிகளுக்கும், புத்தகத்தை அச்சிட்டவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே சொல்லவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் கடைசிப் படத்தைத் திருப்பிப் பாருங்கள். நிழல் இல்லாமல் அச்சுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. யாரையும் கேட்காமல், கடையில் உட்கார்ந்து, ஸ்கேலை வைத்து அளந்து, கம்ப்யூட்டரில் நானே நீளமாக ஒரு நிழலைப் போட்டேன். அச்சாகி வந்த அன்று மாமா அதை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, வெயிலும் நெழலும் ஒரே பக்கமாவா இருக்கும்?" என்றார்.

அந்த ஆளின் வலது கன்னத்தில் அக்கா வெளிச்சம் போட்டிருக்கிறார். நான் நிழலையும் வலது பக்கமே நீட்டி வைத்திருக்கிறேன். நீளத்தை அளந்தவள் பக்கத்தைப் பார்க்கவில்லை.

புத்தகத்தை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது, ஒரு பேனாவை எடுத்து அந்த நிழலை அடித்துவிட்டுக் கொடுங்கள். யார் போட்ட தப்பு என்று பிள்ளைகள் கேட்டால், சர்வேயரம்மா இல்லை, அவர் தங்கை என்று என்னைச் சொல்லுங்கள்.