மூச்சு விடாதீங்க, பதியுது

பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான்கு மாடி இறங்கி வந்த லிஃப்ட்காரர், சலவைக்கடை வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி, "பாப்பா டிவியில பாடிச்சு. டிவிடில புடிச்சு வச்சிருக்கேன். வேலைய முடிச்சுட்டு மெதுவா வாங்க, தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறிப் போய்விட்டார். சலவைக்கார அக்காவுக்குத் தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அப்போது அவள் வீட்டில் டிவி கிடையாது. ஒன்பது வயது மகள் சிறுவர் நிகழ்ச்சியில் பாடுகிறாள் என்று ஒருவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவர்கள் வீட்டில் பார்க்க இடம் கேட்டதுபோல் ஆகிவிடும் என்று கூச்சம். குழந்தை படிக்கட்டில் உட்கார்ந்து பாடிப் பழகியதைப் போகும்போதும் வரும்போதும் கேட்டே அவர் தெரிந்துகொண்டிருக்கிறார்.

முப்பது வருடம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் லிஃப்ட் இயக்கியவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து எந்த லிஃப்டிலும் கால் வைத்ததில்லை. "அந்தப் பெட்டிக்குள்ள நின்னது போதும். கயிறு என்னிக்கு அறும்னு அதுக்கே தெரியாது" என்பார். எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு பயம் கையிருப்பில் இருக்கும்.

பதிவு செய்வதிலும் அப்படித்தான். நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்பே கையைக் கழுவித் துடைத்து, வட்டின் விளிம்பை மட்டும் தொட்டு எடுத்து, டிவிடி ரெக்கார்டரின் தட்டில் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்துவார். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் அறையில் இருப்பவர்களுக்கு ஒரே உத்தரவு: "மூச்சு விடாதீங்க, பதியுது."

"டிவிக்குள்ள இருக்கிறவன் இருமினாத்தான் பதியும். நீங்க இருமினா எப்படிப் பதியும்?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பார். "எத்தனை வருஷமாச் சொல்றேன், இந்த மனுஷன் மண்டையில ஏறுதா பாரு."

"நீ சும்மா இரு. எதுக்கு வம்பு?"

வீட்டில் பதிவு செய்த வட்டு அந்த இயந்திரத்தில் மட்டும்தான் ஓடும். மற்றவற்றிலும் ஓட வேண்டுமென்றால் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தி அதை மூடி முடிக்க வேண்டும். லிஃப்ட்காரர் அதற்கு வைத்த பெயர், பூட்டு. பத்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் மின்சாரம் ஒரு துள்ளுத் துள்ளினாலும் வட்டு முழுக்கப் பாழ். முதன்முதலில் பூட்டிய வட்டே அவருக்கு அப்படிப் போனது. கட்டிடத்து லிஃப்ட் கிளம்பியதும் விளக்கு மங்கியது, எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் பூட்டவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வட்டுகள், எல்லாம் திறந்தபடியே.

சலவைக்கார அக்காவின் மகளுக்குப் பதினோரு வயதில் தொண்டையில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். ஆண்டவன் உயிரைக் கொடுத்தான். குரல் மட்டும் திரும்பவில்லை. இப்போது அவளுக்கு இருபத்தொன்று. கடையில் பொத்தான் தைக்கிறாள். பேச்செல்லாம் காற்றாகத்தான் வரும். வருடம் தவறாமல் பிறந்தநாளன்று தாயும் மகளும் நான்கு மாடி ஏறி அந்த மூன்று நிமிடப் பாட்டைக் கேட்டுவிட்டு வருவார்கள். குழந்தையின் குரலோடு மகளின் உதடும் அசையும். அக்கா திரையைப் பார்க்க மாட்டாள், அந்த உதட்டைத்தான் பார்ப்பாள்.

இந்த வருடம் ரெக்கார்டர் கரகரக்கத் தொடங்கியது. ரிப்பேர்காரர் வந்து திறந்து பார்த்தார். "வட்டப் படிக்கிற கண்ணு போயிருச்சு சார். உதிரி பாகமும் இப்ப வர்றதில்ல. இன்னும் ஒரு வட்டப் பூட்டுற வரைக்கும் தாங்கினா பெரிய விஷயம்."

அதோடு, வெள்ளிக்கிழமை லிஃப்ட்காரரும் மனைவியும் வேறு ஊரிலுள்ள மகள் வீட்டோடு போவதாக ஏற்பாடு. அக்கா வட்டைக் கேட்டு வாங்கித் தன் கடையிலிருந்த டிவிடி இயந்திரத்தில் போட்டுப் பார்த்தாள். 'வட்டு இல்லை' என்று வந்தது. மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் அதேதான். "பாப்பா வட்டப் பூட்டிருவோம், தங்கச்சி" என்றார் லிஃப்ட்காரர்.

புதன்கிழமை மதியம் அவளே கடையின் இரண்டு தேய்ப்புப் பெட்டிகளையும் அணைத்தாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, மிக்சி வேண்டாம், மோட்டார் வேண்டாம், வெந்நீர் வேண்டாம் என்று கெஞ்சினாள்.

"பத்து நிமிஷம் மூச்சாவது விடலாமாக்கா?" என்றார் இரண்டாம் மாடி முடிதிருத்துபவர்.

"அதையும் மெதுவா விடுங்க."

லிஃப்ட்தான் மிச்சம். "அத நான் பாத்துக்கறேன். நீங்களே சாமியக் கும்பிட்டுட்டு அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் ஒரு முக்காலியோடு கீழே இறங்கினார். கதவு மூடாதபடி முக்காலியைக் குறுக்கே போட்டு, இத்தனை வருடம் ஒதுக்கிய பெட்டிக்குள் காலை வைத்து உட்கார்ந்துகொண்டார்.

மேலே அக்கா அழுத்தினாள். திரையில் நீலக் கோடு எறும்பாக ஊர்ந்தது. பாதி தாண்டியதும் இயந்திரம் கர்ரென்றது. கோடு நின்றது. மகளின் நகம் அக்காவின் மணிக்கட்டில் பதிந்தது. லிஃப்ட்காரர் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவுக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்து, "ஆண்டவரே, ஆண்டவரே" என்பது மட்டும் நாக்கில் சுற்றியது. எவ்வளவு நேரமோ. கோடு மறுபடி நகர்ந்தது. தட்டு வெளியே வந்தது.

வட்டைக் கீழே கொண்டுபோய்ப் போட்டு, சலவைக்கடையில் ஒன்பது வயதுக் குரல் கணீரென்று ஒலித்ததும் அக்கா நான்கு மாடியையும் ஒரே ஓட்டமாக ஏறி வந்தாள். அதற்குள் அங்கே ரெக்கார்டரின் விளக்கு ஒரேயடியாக அணைந்திருந்தது. லிஃப்ட்காரர் அதைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். ரெக்கார்டரின் மேலே, பூட்டப்படாமலே போன ஒரு வட்டு. அதன்மேல் 'தம்பி' என்று எழுதியிருந்தது.

"இவர் தம்பி புல்லாங்குழல் வாசிச்சது. அவன் போயி ஆறு வருஷமாச்சு" என்றார் மனைவி, தாழ்ந்த குரலில். "இருக்கிற ஒரு பூட்டு அதுக்குத்தான்னு நான் நினைச்சிருந்தேன்."

வெள்ளிக்கிழமை டாக்சி கிளம்பும்போது அக்காவும் மகளும் கடை வாசலில் வந்து நின்றார்கள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியை இறக்கி லிஃப்ட்காரர் தலையை நீட்டினார்.

"மூச்சு விடுங்க, தங்கச்சி. இப்ப ஒண்ணும் பதியலை."