பாஸ்போர்ட் சைஸில் விழாத இடம்

ஊரார் தலையெல்லாம் வாரிப் பிசுபிசுத்த சீப்பும், பாதி தீர்ந்த பவுடர் டப்பாவும், சூடேறிய விளக்கின் மேல் விழுந்து கருகும் தூசியும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். அதுதான் எங்கள் அப்பாவின் ஸ்டூடியோ வாசனை. பழைய போட்டோக் கடையைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அந்த வாசனையைச் சொல்லி உருகுகிறார்கள். உருகட்டும், எனக்கு அந்த வாசனையே ஆகாது.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழே ஸ்டூடியோவும் மேலே வீடுமாக இருந்தோம். மீன் விற்ற கையைக் கழுவிக்கொண்டு பிள்ளைச்சாவடிப் பெண்கள் ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க வருவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் "சொல்தா" தாத்தாக்கள் அந்த வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு வருவார்கள். யார் வந்தாலும் நாற்காலியில் உட்காருவதற்குள் அப்பா அவர்களைத் தன் ஆளாக்கிக்கொள்வார். மீன்காரக் கிழவியிடம், "வா ஆயா, உன்னப் பாத்து கேமராவே கூச்சப்படுது" என்பார். சொல்தாவிடம், "போன்ழூர் முசியே, பீச்சுல பாத்தேன், மாப்ள கணக்கா நடந்து போறீங்க" என்பார். விறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களின் தோள் இறங்கும், உதடு பிரியும், அந்த நொடியில் படம் எடுத்துவிடுவார். "மொதல்ல ஆளக் கரைக்கணும், லைட்டு, கேமராலாம் அப்புறம்தான்" என்பது அவர் எப்போதும் சொல்லும் பேச்சு.

அந்த மனுஷன்தான் மாடியேறி வந்து அம்மாவை அடிப்பார். கைக்கு பெல்ட்டு கிடைத்தால் பெல்ட்டு, லைட் ஸ்டாண்டின் கால் கிடைத்தால் அது, ஒன்றும் கிடைக்காவிட்டால் முஷ்டியை மடக்கி விலாவில் ஓர் இடி. குழம்பில் உப்பு குறைந்தாலும் அடி, கூடினாலும் அடி. ஆனால் ஆத்திரத்திலும் ஒரு நிதானம் இருக்கும் பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது: அடி எல்லாம் தோளுக்குக் கீழேதான் விழும், பாஸ்போர்ட் சைஸில் விழாத இடமாகப் பார்த்துத்தான் அடிப்பார். ஏனென்றால் மறுநாள் காலையில் அம்மா கீழே வந்து பெண்களுக்குத் தலைவாரி, முந்தானை நீவி, பவுடர் போட்டுவிட வேண்டும். லைட்டைச் சரிபார்க்கவும் அம்மாவைத்தான் ஸ்டூலில் உட்கார வைப்பார். "சிரி" என்றதும் அம்மா சிரிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அம்மா அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு நாதி என்று இருந்தது ஓர் அண்ணன்தான். தவளக்குப்பத்துப் பக்கம் கத்தரிக்காய் போடுகிறவர், மார்க்கெட்டுக்கு மூட்டையோடு வரும் நாளெல்லாம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அப்பாவோடு டீ குடித்துவிட்டுத்தான் போவார். அம்மா அவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள், நானும் சொன்னேன். "மாப்ள அப்பிடி ஆளா? இப்பதான சிரிச்சி சிரிச்சிப் பேசிட்டு வரேன்! நீங்க ஒண்ணும் பெருசு பண்ணாதீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் நம்பினால்தான் எங்களுக்குப் போக ஓர் இடம் உண்டு, நம்பாவிட்டால் அம்மா அந்த மாடியிலேயே செத்துப்போவாள் என்று எட்டாம் வகுப்பு படித்த எனக்கே தெரிந்திருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் ஒரு சொல்தாவின் மனைவி படம் எடுக்க வந்தார். அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தும் அந்த அம்மாள் கல்லுப் போல உட்கார்ந்திருந்தார். கடைசியில், "இந்தப் பொண்ணு பக்கத்துல நின்னாதான் எனக்குப் படபடப்பு இல்லாம இருக்கு" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அம்மாவும் சிரித்துவிட்டாள். படம் நன்றாக வந்தது. அன்று சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு மாடிக்கு வந்த அப்பா, "எங்கிட்ட வராத சிரிப்பு உங்கிட்ட வருதா?" என்று கேட்டபடியே அம்மாவின் முகத்தில் முஷ்டியால் குத்தினார். குத்தினார், விழுந்தவளின் முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் குத்தினார். நான் அவர் கையைப் பிடித்துக் கடித்தேன், ஓர் உதறலில் பீரோவில் போய் மோதினேன். அம்மாவின் இடது கண் மூடிக்கொண்டது, உதடு கிழிந்து ரத்தம் புடவையில் ஒழுகியது. அடித்து ஓய்ந்தபின், "மூஞ்சி ஆறுற வரைக்கும் வாசப்படி தாண்டின, கால ஒடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அதுவரை முகத்தில் அடித்ததே இல்லை. மாமாவுக்குக் காட்ட எங்களுக்குக் கிடைத்த ஒரே சாட்சி அந்த முகம்தான், அதுவும் ஆறிக்கொண்டிருந்தது. மறுநாள் மத்தியானம் அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து அம்மாவைக் கீழே அழைத்துப்போய்ப் படம் எடுத்தேன். டிஜிட்டல் கேமரா வந்துவிட்ட காலம், அங்கேயே பிரிண்டும் போட்டுவிடலாம். ஆனால் ஸ்டூடியோவில் வளர்ந்த கழுதைகள் செய்கிற வேலையை நாங்கள் செய்தோம். அம்மா தலை வாரிக்கொண்டாள், பழக்கத்தில் பவுடரும் போட்டுக்கொண்டாள். நானும் பழக்கத்தில் குடை லைட்டைக் கிட்டே இழுத்து, முகத்தில் நிழலே விழாதபடி சாய்த்து வைத்தேன். கேமராவைத் தூக்கியதும் அம்மா தாடையை நிமிர்த்தினாள். படம் எங்களுக்கு நன்றாகவே பட்டது.

மறுநாள் காலையில் மார்க்கெட்டில் மாமாவைத் தேடிப்பிடித்து அதைக் கொடுத்தேன். கத்தரிக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, உங்கம்மா நல்லா செவப்பா விழுந்திருக்கா! கண்ணுல என்னா, கட்டியா? வீட்ல காட்றேன்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே தராசைத் தூக்கி அவர் மண்டையில் போட்டிருப்பேன்!

இரண்டாவது படத்தை மாடியில் எடுத்தேன். அப்பா கடலூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார், பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வீட்டில் இருந்தது. சமையற்கட்டு ஜன்னல் ஓரமாக அம்மாவை உட்கார வைத்து, பவுடரைக் கழுவச் சொன்னேன். வீக்கம் கறுத்துப் போயிருந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தால், அந்தக் கிழிந்த உதடு விரிகிறது.

"அம்மா, சிரிக்காத."

"நான் எங்கடி சிரிக்கிறேன்?"

அவளுக்குத் தெரியவே இல்லை. மறுபடி தூக்கினேன், மறுபடி விரிந்தது. கேமராவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தேன். "மொத தரம் எப்பம்மா அடிச்சாரு?" என்று கேட்டேன். அம்மா முதலில் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் வாங்கிய அறையில் தொடங்கி, எனக்கு முன்னால் வயிற்றில் இருந்த ஒரு பிள்ளையை எட்டி உதைத்துக் கலைத்ததுவரை சொன்னாள். எனக்கு ஓர் அண்ணனோ அக்காவோ இருந்திருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். சொல்லி முடித்ததும் என்னை நேராகப் பார்த்தாள். நான் எடுத்தேன்.

கீழே போய்ப் பிரிண்ட் போட்டு, அன்றைக்கே பஸ் ஏறித் தவளக்குப்பத்தில் மாமா கையில் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "இவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரியே இல்லியேடி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பா திரும்பி வந்த மறுநாள் காலை மாமா ஸ்டூடியோவுக்குள் வந்தபோது, படம் எடுக்க வந்த ஓர் ஆள் முகத்தில் பவுடரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வா மச்சான், டீ சொல்லட்டா?" என்று அப்பா வாயெல்லாம் பல்லாக எழுந்தார். மாமா படத்தை அவர் முன்னால் வைத்தார். அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "யாரு எடுத்தது? பாதி மூஞ்சி இருட்டா இருக்குது" என்றார். சொந்தப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து அந்த ஆளுக்கு வாயில் வந்தது அதுதான்.

மாமா அறைந்த அறையில் அப்பா லைட்டோடு சேர்ந்து விழுந்தார், கண்ணாடி நொறுங்கியது, பவுடர் ஆள் எழுந்து ஓடினார். மாமா விடவில்லை, மூட்டை தூக்குகிற கையால் மாறி மாறி முகத்திலேயே போட்டார். நான் மாடிப்படியில் நின்று ஒவ்வோர் அடியையும் பார்த்தேன், பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது, அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. அம்மா ஒரு பையோடு இறங்கி வந்து, உடைந்த கண்ணாடியை ஒதுங்கித் தாண்டி, "போதும்ணே, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றாள்.

இன்று அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். சீப்பு, பவுடர், குடை லைட்டு ஒன்றுமே இல்லை, எல்லோரும் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்பா செத்துப்போனார், சாவுக்கு நான் போகவில்லை. நானும் படம் எடுத்துத்தான் பிழைக்கிறேன், யார் வந்தாலும் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு முதலில் அவர்கள் பேசுவதைக் கேட்கிறேன். முன்பின் தெரியாதவர்கள்கூட என்னிடம் மனம்விட்டுப் பேசிவிடுகிறார்கள். அம்மாவைத்தான் அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் ஒரு படம் எடுக்க முடியவில்லை. போன மாதம் ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், ஆசையாக இருந்தது, கேமராவை எடுத்தேன். பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"வேணாண்டி. உங்கிட்ட அன்னிக்கு ஒரு தரம் மூஞ்சியக் குடுத்துட்டேன், போதும்."

கேமராவை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். நான் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அம்மா விட்ட பேச்சைத் தொடர்ந்தாள்.